ஒருவர் குறைவு

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வசுமதி குறைந்தாள்.

பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. நேற்றைய தேதி. பெயர், வயது முப்பத்தொன்று, கணவர் பெயர். கடைசிக் கட்டத்தில் பச்சை மையில் 'ஒருவர் குறைவு'. பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம்.

தமயந்தி அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். வசுமதி அவள் தங்கை. உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

“குறைவுன்னா வெளிய போயிட்டாளா?”

வாசல் எழுத்தர் ராஜாமணி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“குறைஞ்சுட்டாங்க அம்மணி.”

“வெளிய போயிக் குறைஞ்சாளா, செவுத்துல சேந்து குறைஞ்சாளா?”

“உள்ள இல்லைங்க. இந்தக் கட்டத்துல அவ்வளவுதான் எழுதலாம்.”

“அதை எழுதற கட்டம் எது?”

“அப்படியொரு கட்டம் இல்லைங்க. ரிப்போர்ட்டுல போடலை.”

“யாரு எழுதுன ரிப்போர்ட்டு?”

ராஜாமணி மேசைக்கு அடியிலிருந்து நாற்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். அட்டையில் தமயந்தியின் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இருந்தன.

“நீங்கதானுங்க.”

தமயந்தி பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். மூன்று வருடம் முன்பு மேற்பரப்பு அலுவலகம் அவளிடம் ஓர் அறிக்கை கேட்டது. அலுவலகக் கூடத்துக்குள் ஒரு நாளில் நூறு பேரை விட்டால், பத்தாம் நாள் எத்தனை பேர் உள்ளே மிஞ்சுவார்கள்? அவள் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்.

வெளியே போனாலும் சுவரில் சேர்ந்தாலும் உள்ளே ஒருவர் குறைவு. அதனால் இரண்டையும் அவள் சமன்பாட்டில் ஒரே உறுப்பாக எழுதியிருந்தாள். பதினேழாம் பக்கம். அந்தச் சமன்பாடு அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் பிசிறே இல்லை.

பதிவேட்டின் கட்டங்களை அலுவலகம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் போட்டது.

வசுமதி பன்னிரண்டு நாள் முன்பு குடும்ப அட்டையைப் புதுப்பிக்கப் போனாள். எந்தச் சுவரிலும் சேர்ந்தவரல்ல என்ற சான்று கேட்டார்கள். போன மாதம் முதல் எல்லோரிடமும் கேட்கிறார்கள். அந்தச் சான்றை மேற்பரப்பு அலுவலகம்தான் தருகிறது.

வழி எளிது. ஒரு கதவால் கூடத்துக்குள் போக வேண்டும். இன்னொரு கதவால் வெளியே வர வேண்டும். உள்ளே போகும் கதவு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். வெளியே வரும் கதவு நாள்தோறும் இடம் மாறும். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம் அதற்கு. வெளிப்பக்கமிருந்து பார்த்தால் தெரியாது.

உள்ளே போகிறவருக்கு ஒட்டிய உறை ஒன்று தருவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். உறையைப் பிரிக்கக் கூடாது. அவர் சுவரை எத்தனை தடவை தொடுகிறார் என்று ஓர் அட்டையில் முத்திரை வைப்பார்கள். முத்திரைகள் உறைக்குள் இருக்கும் எண்ணைத் தாண்டினால் அவர் சுவர்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சுவர்.

தமயந்தி வெளியே வந்தாள். வசுமதியின் கணவன் ஈஸ்வரமூர்த்தி டிபன் கேரியருடன் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். பன்னிரண்டு நாளாகச் சுற்றுகிறான். நின்று பேசினால் அந்த நேரம் பார்த்து மறுபக்கம் அவள் வந்துவிடுவாள் என்று பயந்தான். தமயந்தி கூடவே நடந்தாள்.

“குறைஞ்சுட்டாளாமா.”

“சொன்னாங்கக்கா. வெளிய வந்திருந்தா எங்கிட்டத்தானுங்க வரோணும்?”

“கட்டைய உருட்டித்தான் வரோணும். திருப்பிக் குடுக்கற வரைக்கும் அப்படித்தான்.”

இதுவும் விதி. கூடத்துக்குள் போகும்போது உறையோடு ஒரு பித்தளைத் தாயக்கட்டையும் தருவார்கள். நான்கு முகம். ஒரு புள்ளி விழுந்தால் முன்னால் ஓர் அடி. இரண்டு புள்ளி வலது. மூன்று புள்ளி இடது. வெறும் முகம் விழுந்தால் பின்னால். வெளியே வந்தவர்களும் கட்டையை வாசலில் ஒப்படைக்கும்வரை அதை உருட்டித்தான் நடக்க வேண்டும். ஒப்படைத்தால் சான்று.

போன வருடம் உள்ளே போன பால்காரர் நேற்றுத் தெரு முனையைக் கடந்தார். தமயந்தியைப் பார்த்துக் கையசைத்தார். கட்டை அவர் வீட்டுப் பக்கம் விழவில்லை.

“திரும்பி வந்துருவாளாக்கா?”

“சமதளத்துல உருட்டி நடக்கறவங்க நிச்சயம் பொறப்பட்ட எடத்துக்கு வந்து சேருவாங்க. அது நிரூபிச்சாச்சு.”

“எப்பங்க்கா?”

“நிரூபிச்சதா?”

“வர்றது.”

“சராசரி முடிவிலி.”

ஈஸ்வரமூர்த்தி கேரியரைக் கை மாற்றிக்கொண்டான்.

“மாடி கீடி ஏறிட்டா?”

“ஏறி எறங்கி நடந்தா மூணுல ஒருத்தர்தான் திரும்புவாங்க.”

எதிரே நான்கு மாடி ஜவுளிக் கடை ஒன்று இருந்தது. அவன் அதை அண்ணாந்து பார்த்தான்.

“அவளுக்குப் பட்டு செக்சன் பாக்காம இருக்க முடியாதேக்கா. அது மூணாவது மாடி.”

வாசல் வந்துவிட்டது. தமயந்தி உள்ளே போனாள். அவன் சுற்றப் போனான்.

“சூப்பிரண்டைப் பாக்கோணும்” என்றாள் ராஜாமணியிடம்.

“கூடத்துக்குள்ள இருக்காருங்க. உள்ள போறதுன்னா உறை வாங்கோணும்.”

“நான் பார்வையாளர்.”

“அப்படியொரு வகையும் ரிப்போர்ட்டுல இல்லைங்க.”

ராஜாமணி உறையை நீட்டினாள். கட்டையை நீட்டினாள். முத்திரை அட்டையில் கயிறு கோத்துத் தமயந்தியின் கழுத்தில் மாட்டினாள்.

“தாயம் விழுந்தாத்தான் எறங்கலாமா?” என்று கேட்டாள் தமயந்தி.

“அது வெளையாட்டுல அம்மணி. இங்க எது விழுந்தாலும் நடக்கோணும்.”

உறை கனமில்லாமல் இருந்தது. அதைக் கைப்பையில் வைக்கும்போது ஒரு மாலை நேரம் நினைவுக்கு வந்தது. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வசுமதி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, உள்ள போனா எத்தன நாளாகும்?”

“சராசரி நாப்பத்தியொரு நாள்.”

“சராசரி யாருக்கு வேணும்? எனக்கு எத்தன நாளு?”

“உனக்குன்னு தனியா ஒண்ணு கெடையாது வசு.”

“அடேங்கப்பா. பொன்னாடை போத்துனதுக்கப்பறம் பேச்சே மாறிப் போச்சு.”

தமயந்தி தலை நிமிரவில்லை. ஒரு மாணவி ஏழாம் கேள்விக்குத் தவறான வழியில் சரியான விடை எழுதியிருந்தாள். அதற்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று யோசித்தாள். நிமிர்ந்தபோது நிலைப்படியில் யாரும் இல்லை.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். தரை முழுவதும் கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்கு ஓர் ஆள். சுவரோரம் பத்துக் கட்டத்துக்கு ஒரு முக்காலி. முக்காலிக்கு ஒரு முத்திரை எழுத்தர்.

நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தது. அதற்குத் தனியாக ஆள் இல்லை. முன்பு மணி அடித்தவர் ஓய்வு பெற்றதும் அவரையே உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அடிப்பதற்கு முன் அவர் லேசாக இருமுவார்.

இருமல் கேட்டதும் நாற்பது பேரும் குனிந்தார்கள். மணி அடித்ததும் நாற்பது கட்டைகள் உருண்டன. எல்லோரும் ஓர் அடி நகர்ந்தார்கள். நிமிர்ந்தார்கள். யாரும் யாரோடும் மோதவில்லை. அதை அவள் அறிக்கையில் அனுமானமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

தமயந்திக்கு ஒரு நிமிடம் நீளமாக இருந்தது. கட்டையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தாள். கால் மாற்றி நின்றாள். தூரத்தில் சூப்பிரண்டின் நாற்காலி தெரிந்தது. அவள் அதைப் பார்க்கப் பார்க்க இடையில் கட்டங்கள் கூடின.

“அவசரப்படாதீங்க” என்றது பின்னால் ஒரு குரல். “அவசரப்பட்டா கூடம் நீளும்.”

“அது ரிப்போர்ட்டுல இல்ல.”

“அலுவலகத்துல சொந்தமாச் சேத்துக்கிட்டாங்க.”

பேசியவர் ஆரோக்கியசாமி. உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அவர் உள்ளே வந்து ஆறு வருடம். கழுத்தில் ஒன்பது முத்திரை அட்டைகள் தொங்கின. இரண்டு மணிகளுக்கு நடுவே கை கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

“வசுமதின்னு ஒரு பொண்ணு. நேத்து வரைக்கும் இங்க இருந்திருக்கா. என்ற தங்கச்சி.”

“பாடிக்கிட்டே உருட்டுமே, அந்தப் புள்ளையா? ரெண்டு நாள் எனக்குப் பக்கத்துக் கட்டம். எம் மூக்கப் பாத்து விசில் மாட்டற ஆணியான்னு கேட்டுச்சு.”

“அவதான். வெளிய போனாளா?”

“வடக்குச் செவுருகிட்ட இருந்துச்சு. குருந்தாசலம் முக்காலிக்கு மூணு கட்டம் தள்ளி. மணி அடிச்சுது. நான் குனிஞ்சேன். நிமிந்தா ஆளில்ல.”

“அங்க நேத்துக் கதவு இருந்துச்சா?”

“கதவ யாருங்க பாத்தா? எல்லாரும் கட்டையத்தான் பாக்கறோம்.”

“ஆறு வருசத்துல ஒருத்தரக்கூடவா பாக்கல, போறத?”

அவர் இடது கையை நீட்டி வலது காலைத் தொட்டபடி யோசித்தார்.

“ஒரு தடவ பாக்கோணும்னு நெனச்சேன்” என்றார். “அப்பத்தான்...”

இருமல் கேட்டது. மணி அடித்தது. தமயந்தி குனிந்து உருட்டினாள். இரண்டு புள்ளி. வலது பக்கம் ஓர் அடி வைத்தாள். நிமிர்ந்தாள்.

ஆரோக்கியசாமியின் கட்டம் காலியாக இருந்தது. அதற்கடுத்துச் சுவர். சுவரோர முக்காலியில் இருந்த எழுத்தர் மைத்தட்டை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த சீட்டில் பச்சை மையில் ஏதோ எழுதினார்.

“வாத்தியார் எங்க?”

“குறைஞ்சுட்டாருங்க.”

“எப்படி?”

“பதினொண்ணு முப்பத்தேழுக்குங்க.”

“நேரம் கேக்கல. நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. பாக்கலையா?”

“முத்திரை வெக்கும்போது குனிஞ்சுதானுங்க இருக்கோணும். நிமிந்துட்டே வெச்சா கோணலா விழும்.”

அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவர். கையெட்டும் உயரத்தில் ஒரு புடைப்பு இருந்தது. மூக்காக இருக்கலாம். பூச்சு வேலை சரியில்லாமலும் இருக்கலாம்.

அடுத்த மூன்று மணி நேரம் அவள் சூப்பிரண்டை நோக்கி உருட்டினாள். கட்டை அவளை வேறு திசைகளில் கொண்டுபோனது. கிழக்குச் சுவரில் ஒரு தடவை தொட்டாள். முத்திரை. ஒருமுறை தொட்டவள் அந்த இடத்திலேயே ஆறு தடவை தொட்டாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். சுவரை ஒரு தடவை தொட்டவர் அதன் பக்கத்தில்தான் இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் மறுபடி தொடுவார். இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அதுதான்.

சூப்பிரண்டு நாச்சிமுத்துவும் உருட்டித்தான் நகர வேண்டும். அவர் ஒவ்வொரு மணிக்கும் நாற்காலியைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்து உட்காருவார். மேசைக்குப் பதில் ஒரு பலகையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். இரண்டரை மணிக்கு அவரே அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து அமர்ந்தார்.

“மேடமா! வாங்க வாங்க. உங்க பக்கத்தப் பாத்தீங்களா?”

மேற்குச் சுவரைக் கை காட்டினார். பதினேழாம் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆணி யார் மேல் அடிக்கப்பட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

“சந்தனம் ஒரு குறிய மறைக்குது.”

“என்ன குறிங்க?”

“கழித்தல்.”

நாச்சிமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அடடா. நாங்க போன ஆயுத பூஜையிலருந்து கூட்டிக்கிட்டு இருக்கறமுங்க. அதான் உள்ள ஆறாயிரம் பேருன்னு கணக்கு வருது.”

“அத விடுங்க. பதிவேட்டுல ரெண்டு கட்டம் வேணும். வெளிய போனவங்களுக்கு ஒண்ணு. செவுத்துல சேந்தவங்களுக்கு ஒண்ணு.”

“நீங்க ஒண்ணுதானுங்க குடுத்தீங்க.”

“தப்பாக் குடுத்துட்டேன்.”

“கணக்குச் சரியாத்தானுங்க வருது.”

“கணக்குச் சரி. அத வெச்சு என்ற தங்கச்சி எங்கன்னு சொல்ல முடியல.”

இருமல். மணி. அவளுக்கு வெறும் முகம் விழுந்தது. ஓர் அடி பின்னால் போனாள். அவர் நாற்காலியோடு முன்னால் போனார். இப்போது நடுவே ஒரு கட்டம். இருவரும் குரலை உயர்த்தினார்கள்.

“புதுக் கட்டம் போடறதுன்னா மொதப் பதிவு வேணுமுங்க! வெளிய போனாருன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தரு! செவுத்துல சேந்தாருன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தரு! ரெண்டு பேரையும் கொண்டாங்க, போட்டர்லாம்!”

“கட்டம் போட்டாத்தானே தெரியும்!”

“ஆமாங்க!”

“செவுத்த அளந்து பாத்தா? ஆள் சேந்தா தடிக்குமில்ல?”

“ஒரு ஆளுக்கு அரை வெரக்கடை தடிக்குமுங்க! மழை பேஞ்சாலும் அதே அரை வெரக்கடை ஊறும்!”

“நேத்து மழை பேஞ்சுதா?”

மணி அடித்தது. நடுவே மூன்று கட்டம்.

“லேசாத் தூறுச்சுங்க!”

அதற்குப் பிறகு அவர் சொன்னது கேட்கவில்லை. அவர் வாய் அசைவதைப் பார்த்தபடி அவள் நகர்ந்தாள். ஒரு கட்டத்தில் அவர் பொன்னாடை போர்த்துவதுபோல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

வடக்குச் சுவருக்குப் போய்ச் சேர மாலை ஐந்தாகிவிட்டது. வழியில் இன்னும் எட்டு முத்திரைகள் விழுந்தன. உறை கைப்பைக்குள் இருந்தது. அதைப் பிரித்துவிடலாம் என்று நான்கு தடவை நினைத்தாள். பிரித்தவர்களின் உறைக்குள் பூஜ்யம்தான் இருக்கும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

குருந்தாசலம் மெலிந்த மனிதர். முக்காலியில் ஒரு குஷன் போட்டிருந்தார். அவருக்கு மூன்று கட்டம் தள்ளி அவள் நின்றாள். எதிரே சுவர்.

“நேத்துக் காலைல பத்துப் பன்னெண்டுக்கு இங்க ஒரு பொண்ணு.”

“முத்திரை வெச்சனுங்க. கையில மருதாணி இருந்துச்சு.”

“அப்பறம்?”

“முத்திரை நல்லா விழுந்துச்சுங்க.”

“மொகத்தப் பாத்தீங்களா?”

“அட்டையப் பாத்தனுங்க.”

இருமல் கேட்டது. எல்லோரும் குனிந்தார்கள். தமயந்தி குனியவில்லை.

கூடம் முழுவதும் பிடரிகள். அப்போதுதான் அவள் கதவைப் பார்த்தாள். இடது பக்கம், அடுத்த கட்டத்துச் சுவரில், பிளந்து நின்றது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்திருந்தது. அதன் வழியே சாலை தெரிந்தது. டவுன் பஸ் ஒன்று போனது. ஒரு பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள். கதவுக்கு முன்னால் கட்டத்தில் நின்ற இளைஞன் குனிந்து உருட்டி இடது பக்கம் நகர்ந்து போனான்.

மணி அடித்து ஓய்ந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவரவர் அட்டையைப் பார்த்தார்கள்.

“நீங்க உருட்டலைங்க அம்மணி” என்றார் குருந்தாசலம்.

“அடுத்த மணிக்கு உருட்டறேன்.”

கட்டையில் மூன்று புள்ளி விழுந்தால் அவள் கதவுக்கு முன்னால் போய்விடுவாள். அடுத்தது ஒரு புள்ளி. அவ்வளவுதான். கைக்குள் கட்டையைப் புரட்டினாள். மூன்று புள்ளி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது.

வெளியே ஈஸ்வரமூர்த்தி வந்தான். கதவுக்கு நேராக வந்தும் அவனுக்குக் கதவு தெரியவில்லை. காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான்.

“மூர்த்தி!”

அவன் நின்றான். சுவரைப் பார்த்தான்.

“அக்கா? எங்க இருக்கீங்க?”

“உள்ள. கதவுகிட்ட.”

“அவ?”

“இன்னும் தெரியல.”

“நீங்க வெளிய வந்துருங்கக்கா. ரெண்டு பேராத் தேடலாம். நான் இந்தப் பக்கம் சுத்தறேன், நீங்க அந்தப் பக்கம் சுத்துங்க.”

அது நல்ல யோசனை. இரண்டு பேர் தேடினால் காணும் நேரம் பாதியாகக் குறையும். முடிவிலியில் பாதி. தமயந்தி அதை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள்.

வசுமதி வெளியே இருந்தால் வருவாள். ஜவுளிக் கடைக்குள் ஏறாமல் இருந்தால் வருவாள். நூறு வருடம் ஆகலாம். யாரும் போய் அழைக்க வேண்டியதில்லை. அவள் வருவதற்கு நிரூபணம் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கலாம்.

சுவருக்குள் இருப்பவர்களைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை. கணக்கு சுவரின் மேல்தோலோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

“நீங்க சுத்துங்க மூர்த்தி” என்றாள். “வெளிய இருந்தா வந்துருவா.”

“இல்லைன்னா?”

“சோறு ஆறிரும். போங்க.”

அவன் இன்னும் சிறிது நேரம் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு கேரியரைக் கை மாற்றிக்கொண்டு நடந்தான். நின்ற நேரத்தை ஈடுகட்டுவதற்காக வேகமாக நடந்தான்.

இருமல் கேட்டது. மணி அடித்தது. தமயந்தி குனிந்தாள். கட்டையை உருட்டவில்லை. ஒரு புள்ளி மேலே தெரியும்படி தரையில் வைத்தாள். ஓர் அடி முன்னால் வைத்து உள்ளங்கையால் சுவரைத் தொட்டாள்.

குருந்தாசலம் எட்டி வந்து முத்திரை வைத்தார்.

“இது உருட்டுனதுங்களா, வெச்சதுங்களா?”

“விழுந்தது.”

“சரிங்க.”

அடுத்த மணிக்கும் ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு அடுத்த மணிக்கும் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் அறுபது புள்ளிகள் விழுந்தன. முதல் அட்டை நிரம்பியது. குருந்தாசலம் இரண்டாவது அட்டையைக் கயிற்றில் கோத்தார். கதவில் வெயில் மங்கியது.

உறைக்குள் என்ன எண் என்று அவளுக்குத் தெரியாது. எண்களை எப்படிப் பகிர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும். அந்தப் பகிர்வை அவள்தான் பரிந்துரைத்தாள். அதன் குணம் ஒன்று. எத்தனை தடவை தொட்டிருந்தாலும், இன்னும் எத்தனை மீதி என்பதன் சராசரி மாறாது. முதல் தடவை தொடுபவருக்கும் ஆயிரமாவது தடவை தொடுபவருக்கும் ஒரே தூரம். நெருங்குவது என்று ஒன்று அதில் கிடையாது.

அவள் மணிக்குக் காத்திருப்பதை நிறுத்தினாள். ஒரு கையை எடுத்து மறு கையை வைத்தாள். குருந்தாசலம் ஓடி ஓடி முத்திரை குத்தினார். மைத்தட்டு காய்ந்துபோனது. எச்சில் தொட்டுக்கொண்டார்.

“மெதுவாங்க அம்மணி. கோணலா விழுகுது.”

“விழட்டும்.”

“அதிகாரிக பாத்தா என்னையத்தான் கேப்பாங்க.”

“நான் எழுதித் தர்றேன்.”

இரண்டு கைகளும் சிவந்துவிட்டன. அவள் நெற்றியால் தொட்டாள். முத்திரை. தோளால் தொட்டாள். முத்திரை. கன்னத்தை வைத்தாள். சுண்ணாம்பு வாசம் வந்தது. காதை வைத்துக் கேட்டாள். யாரோ தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு சத்தம். குழாயாகவும் இருக்கலாம்.

“வசு.”

ஒன்றும் இல்லை.

“நீ கேட்டப்ப நான் நிமிந்து பாத்திருக்கோணும்.”

ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் நின்ற ஒருவர் தன் கட்டையைத் துடைத்துக்கொண்டார்.

கதவு ஓசையில்லாமல் மூடியது. அது இருந்த இடம் தெரியவில்லை. இருமல் கேட்டது. முப்பத்தெட்டுப் பிடரிகள் குனிந்தன. குருந்தாசலம் அட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மணி அடித்தது.

தமயந்தி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தாள். சுவர் ஒரு விரற்கடை இடம் கொடுத்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அவள் பக்கவாட்டில் திரும்பி, தோளை ஒடுக்கிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்.

“வசு, கொஞ்சம் தள்ளிப் படுடி.”